குளியல் தொட்டியில் நாற்பத்தொரு பாட்டில்கள்

பையன்கள் உறங்கப் போனபின்
ஓட்டலின் மூன்றாம் மாடியில் என் பந்தயம் தொடங்கும்.
தொட்டி நிறைய வெந்நீர்,
இரண்டு கை சமையல் சோடா,
முட்டி மோதி மிதக்கும் நாற்பத்தொரு பாட்டில்கள்.

காலையில் நாற்பத்திரண்டு இருந்தன.
மேட்டு வளைவில் யெர்னெய் ஒன்றை வீசினான்.
சைக்கிள் பார்க்க வந்த போரெச் ஊர்ச் சிறுவன் எவனோ
அதைக் கட்டிக்கொண்டு தூங்குவான் இந்நேரம்.
அவன் அம்மாவுக்கு யாராவது சொல்லுங்கள்:
அடியில் ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் மிச்சமிருக்கிறது,
விடியுமுன் கழுவிவிடட்டும்.

வெறும் தண்ணீர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.
சர்க்கரைக்குப் பொறுமை கிடையாது.
வெயிலில் நின்ற வேனில் ஓர் இரவு போதும்,
திறந்தால்
நனைந்த நாயும் பூட்டிய நிலவறையும்
சேர்ந்த வாடை.

உடம்பைத் தேய்ப்பது எளிது. நீண்ட பிரஷ், நாலு சுற்று.
மூடிதான் திருடன்.
உறிஞ்சும் குமிழைக் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும்.
அதன் கீழே ரப்பர் வளையம்,
வளையத்தின் கீழே மயிரிழைப் பள்ளம்,
அங்கேதான் பூஞ்சையின் குடித்தனம்:
மை தீட்டிய இமையோரம்போல்
மெலிதாய், கறுப்பாய்,
அழகாய்க்கூட.

ஜனவரியில் மாதிரிகளை மேசையில் பரப்பினார்கள்.
விளம்பரக் கம்பெனிக்குக் கறுப்பு பிடித்திருந்தது.
குறுகிய கழுத்து, உள்ளே வளைந்த குழல்,
வெள்ளி எழுத்தில் அவர்கள் பெயர்.
நான் முஷ்டியை மடக்கி உள்ளே விடப் பார்த்தேன்.
நுழையவில்லை.
"என் கை போகாத இடத்துக்கு என் வேலையும் போகாது.
தவிர, கறுப்பில் கறுப்பு தெரியாது" என்றேன்.
மேலாளர் போகோமிர் சிரித்தார்.
"மிலோய்கா, தண்ணீர் பாட்டில்தானே?"

மார்ச்சில் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
பாதி வழியில் இறங்கினார்கள்.
பாட்டிலால்தான் என்று நான் சொல்லவில்லை.
மருத்துவரும் சொல்லவில்லை.
முந்தின இரவுக் கோழியாகவும் இருக்கலாம்.
நான் செய்தது இவ்வளவுதான்:
சமையலறையில் ரொட்டிக் கத்தி கேட்டு வாங்கி
ஒரு கறுப்பு பாட்டிலை நெடுக்காகப் பிளந்து
மேலாளரின் காப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்,
உட்புறம் மேலே தெரியும்படி.
குழலையும் பிளந்து.

அவர் அன்று காப்பி குடிக்கவில்லை.
அடுத்த வாரம் இவை வந்தன:
அகன்ற வாய், ஊடே வெளிச்சம் தெரியும் உடம்பு,
மூன்றே துண்டாய்க் கழலும் மூடி.
கம்பெனியின் எழுத்து மட்டும் சின்னதாகிவிட்டது.

அலசியாயிற்று. இனி உலர வேண்டும்,
கழுவுவதில் பாதி அதுதான்.
துண்டின்மேல் நேராய்க் கவிழ்த்தால் உள்ளேயே புழுங்கும்;
சாய்த்து வைத்து, காற்றுக்கு ஒரு வாசல் விட வேண்டும்.
வெப்பக் கம்பிகளின்மேல் பன்னிரண்டு,
ஜன்னலோரம் ஒன்பது,
மீதி இருபதும் பால்கனியில்.
கடற்காற்று ஒவ்வொரு வாயிலும் ஊதிப் பார்க்கிறது,
ஊ என்கிறது ஒன்று,
இன்னொன்று அதற்குக் கொஞ்சம் கீழே.
மூடிகள் தனியே, தலையணை உறைமேல்.
ஈரத்தோடு ஒன்றையும் சேர்க்கமாட்டேன்,
மறுநாள் பந்தயம் ஆறு மணிக்கே என்றாலும்.

மணி ஒன்றரை. தாகம்.
கை தானாய் நீண்டு வெறும் மேசையைத் தடவியது.
அப்போதுதான் உறைத்தது:
என் பாட்டில் வேனில் இருக்கிறது,
முன்னிருக்கைப் பையில்,
பிப்ரவரியிலிருந்து,
தினமும் நிரப்பி, தினமும் குடித்து,
ஒருநாளும் குமிழை நெம்பாமல்.

செருப்பில்லாமல் இறங்கினேன்.
வேனின் உள்விளக்கு மஞ்சளாய் எரிந்தது.
கரண்டியைக் கொண்டுவந்திருந்தேன்.